யப்பானியர் வரைந்த இலங்கை

இராமனை ஒரு நடிகர் நடித்துக் காட்டுவதைவிட வரைந்து காட்டுவதே பொருத்தம் என்று நினைத்தவர் யூகோ சாகோ என்ற யப்பானியர். 1983இல் அகழ்வாய்வு பற்றிய ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்தவர், தம் மொழியில் கிடைத்த இராமாயணங்களைத் தேடித்தேடிப் படித்தார். அந்நியர் ஒருவர் இராமனைத் தொடுவதா என்று விசுவ இந்து பரிஷத் தில்லியிலிருந்த யப்பானியத் தூதரகத்துக்குக் கடிதமே எழுதியது. சாகோ அசையவில்லை. ராம் மோகன், கொய்ச்சி சசாகி ஆகியோரோடு சேர்ந்து, நூற்றுக்கணக்கான ஓவியர்கள் கையால் வரைந்த ஏறத்தாழ ஒரு லட்சம் படங்களால் இராமாயணத்தை ஓர் அனிமேஷன் படமாக்கி முடித்தார். 1993 சனவரியில் புதுடில்லித் திரைப்பட விழாவில் அது காட்டப்பட்டபோது பாபர் மசூதி இடிபட்டு ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. படம் பரவலாக வெளிவரவில்லை.

அப்போது எங்கள் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. எட்டாத விலைக்கு மண்ணெண்ணெய் வாங்கி, ஜெனரேற்றர் ஓட்டி, ஊர் கூடி வீடியோ பார்த்த காலம். கார்ட்டூன் நெட்வேர்க்கில் இந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த இந்தியப் பிள்ளைகளின் நினைவு இங்குள்ள அந்தத் தலைமுறைக்கு இல்லை. 2025 சனவரி 24இல் இந்தியத் திரையரங்குகளுக்குத் தமிழ்க் குரலோடும் அது திரும்பி வந்தது.

படத்தின் உச்சம் இலங்கைப் போர்தான். கும்பகர்ணன் எழுந்து நடக்கும்போது அவன் பருமனைக் கண்ணால் அளக்க முடிகிறது. கணினி வரையும் இன்றைய அரக்கர்களிடம் அந்தப் பாரம் இல்லை.

ஆனால் இராவணன்? வில்லன், அவ்வளவுதான். 1980இல் கம்பன் கழகம் கண்ட ஊருக்கு இது போதாது. கம்பனே அவனுக்கு இதைவிட அதிகம் கொடுத்திருக்கிறான். எங்கள் கூத்தும் அப்படித்தான். பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான பேராசிரியர் சு. வித்தியானந்தன், 1960களில் பேராதனையில் மேடையேற்றிய ‘இராவணேசன்’ கூத்தில், அதை எழுதிய மௌனகுருவே இராவணனாக ஆடினார். தன் வீழ்ச்சி தெரிந்தும் பின்வாங்காத அந்த இராவணனுக்காகச் சபை இரங்கியது. மத்தளமும் தாளமும் கொண்டு ஒரு கூத்து செய்ததை ஒரு லட்சம் படங்கள் செய்யவில்லை என்பதே என் குறை.

சாகோவின் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பார்க்க வேண்டிய படம். இராவணேசனை வரைவது எங்கள் வேலை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கும் பிள்ளைகளும் கூத்துத் தெரிந்த அண்ணாவிமாரும் ஒன்றாக உட்கார்ந்து பத்து நிமிடப் படம் ஒன்றையாவது தொடங்கட்டும்.