குடி நோயும் மன நோயும்

குடிகாரன் என்றவுடன் நம்மில் பலருக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றுகின்றன. அவன் ஒழுக்கங்கெட்டவன் என்பது ஒன்று. கடையை மூடிவிட்டால் அவன் திருந்திவிடுவான் என்பது மற்றொன்று. முதல் எண்ணம் தவறு. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றியே இங்கு சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

மதுவிலக்கு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1937-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதியன்று, அந்நாளைய சென்னை மாகாணத்தில், ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் அதைத் தொடங்கிற்று. அரசியல் சட்டத்தின் 47-வது ஷரத்தும் அதைச் சர்க்காரின் கடமைகளில் ஒன்றாகக் கூறுகிறது. இருந்தும், 2003-ம் வருஷம் முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனையைச் சர்க்கார் ஸ்தாபனமே நடத்தி வருகிறது. கடை வாசலில் மறியல் செய்யும் தாய்மார்களின் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. ஆனால், ஏற்கெனவே குடி நோய்க்கு ஆளாகிவிட்டவனை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பூட்டிய கடை பதில் சொல்லாது.

இதற்கு அத்தாட்சி சமீப காலத்திலேயே கிடைத்தது. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், கொள்ளை நோயை முன்னிட்டு ஊரடங்கு விதிக்கப்பட்டபோது மதுக்கடைகள் திடீரென்று மூடப்பட்டன. மது கிடைக்காமல் சிலர் தற்கொலை செய்துகொண்டதாகக் கேரளத்திலிருந்து செய்திகள் வந்தன. வைத்தியரின் சீட்டுடன் வருவோருக்கு மது வழங்கலாமென்று அந்த ராஜ்ய சர்க்கார் உத்தரவிட்டது. அது வைத்தியமே அல்லவென்று வைத்தியர்கள் கண்டித்தார்கள். ஹைக்கோர்ட்டு உத்தரவை நிறுத்தி வைத்தது. சிகிச்சைக்கு முன்னேற்பாடு இல்லாத இடத்தில் கடையை மட்டும் மூடினால் எவ்வளவு தத்தளிப்பு உண்டாகும் என்பதை அந்தச் சில தினங்கள் காட்டிவிட்டன.

எது முந்தியது?

நெடுநாள் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் முதல் சில தினங்களில் கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும். இல்லாத உருவங்கள் கண்ணில் தோன்றும். கவனியாது விட்டால் உயிருக்கே அபாயம். தக்க மருந்தும் பி-1 வைட்டமினும் கொடுத்து இந்தக் கட்டத்தைத் தாண்டச் செய்யலாம். உடலின் கண்டம் இத்துடன் தீரும். மனத்தின் கஷ்டம் பெரும்பாலும் இதற்குப் பிறகுதான் வெளிப்படுகிறது.

சிலர் துக்கமும் பயமும் தாளாமல், தூக்கம் வேண்டிக் குடிக்கத் தொடங்குகிறார்கள். சிலருக்குக் குடியே மனச்சோர்வை உண்டாக்குகிறது. பரம்பரை, பால்யத்தில் பட்ட கொடுமை, வறுமை ஆகியவை குடி நோய்க்கும் மன நோய்க்கும் ஒருங்கே வித்திடுவதும் உண்டு. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரும் ஆராய்ச்சியின் முடிவு 1990-ம் வருஷத்தில் வெளியாயிற்று. குடி நோய்க்கு ஆளானவர்களில் நூற்றுக்கு 37 பேருக்கு வாழ்நாளில் ஏதேனும் ஒரு மன நோயும் இருந்ததென்று அது கண்டது. மற்றப் போதைப் பொருள்களுக்கு அடிமையானவர்களில் அத்தொகை நூற்றுக்கு 53.

குடியால் வந்த சோர்வு, குடியை விட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. அதற்குமேலும் நீங்காவிட்டால் அது தனி நோய். தனியே மருந்தும் ஆலோசனையும் வேண்டும். ஆகவேதான் தேர்ந்த வைத்தியர் குடிப்பவனின் மனத்தையும் ஆரம்ப முதலே கவனிக்கிறார். தற்கொலை எண்ணமோ சித்தப்பிரமையோ உள்ளவனை வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்வதற்கில்லை.

இரண்டு வாசல்கள்

ஆனால் வழக்கத்தில் நடப்பது என்ன? ஒரு கொத்தனாரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தினமும் குடிக்கிறார், காதில் யாரோ திட்டுவது போலவும் கேட்கிறது. மனைவி ஒரு நாள் கூலியை இழந்து அவரைக் குடி மறப்பு இல்லத்துக்கு அழைத்துச் செல்கிறார். "இது மன நோய், முதலில் மன ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்கிறார்கள். அங்கே போனால், "முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்கிறார்கள். மூன்றாவது முறை போக அந்த அம்மாளிடம் பஸ் கட்டணம் இருப்பதில்லை.

இந்தப் பிரிவினைக்கு யாருடைய துர்எண்ணமும் காரணமல்ல. சென்னையில் மன நோயாளருக்கான விடுதி 1794-ம் வருஷத்தில் ஏற்பட்டது. குடி நோய்க்கென்றே சாந்தி ரங்கநாதன் அம்மையார் சென்னையில் தமது ஸ்தாபனத்தை நிறுவியது 1980-ம் வருஷத்தில். இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவையில் பிறந்தவை. டில்லியிலும் குடி மறப்பு இல்லங்களுக்குப் பணம் தருவது சமூக நீதி இலாகா. தேசீய மன நலத் திட்டத்தை நடத்துவது சுகாதார இலாகா. 2017-ம் வருஷத்திய மன நலச் சட்டமோ, மது முதலிய போதைப் பொருள்களால் வரும் மனக் கோளாறுகளையும் மன நோயென்றே கொள்கிறது. சட்டம் ஒன்றாகப் பார்ப்பதை இலாகாக்கள் பிரித்துப் பார்க்கின்றன.

இதன் பலனைச் சர்க்காரின் கணக்கே காட்டுகிறது. 2019-ல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி, மதுவினால் உண்டான கேட்டுக்கு உதவி தேவைப்படுவோர் சுமார் 5.7 கோடி. மதுவுக்கே அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைத்திருந்தது.

செய்ய வேண்டியது

இரு நோய்களுக்கும் ஒரே இடத்தில், ஒரே வைத்தியக் குழுவினால் சிகிச்சை தருவதே வழி. அமெரிக்காவில் நியூஹாம்ப்ஷயர் ராஜ்யத்தில் ராபர்ட் டிரேக் என்ற மனோவைத்தியரும் அவருடைய சகாக்களும் இம்முறையை வகுத்து நடத்தினார்கள். மறுபடி குடித்தவனை அங்கே வெளியே தள்ளுவதில்லை. நோய் திரும்பிற்றென்று கருதிச் சிகிச்சையைத் தொடர்கிறார்கள். குடும்பத்தாரையும் உடன் சேர்த்துக்கொள்கிறார்கள். பிழைப்புக்கும் வழி தேடிக் கொடுக்கிறார்கள்.

இவ்வளவு வைத்தியர்களுக்கு எங்கே போவது என்று சிலர் கேட்கலாம். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழுவினர் நடத்திய பரீட்சையில், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே அளவு மீறிக் குடிப்போருக்கும் மனச்சோர்வுற்றோருக்கும் ஆலோசனை கூறிப் பலன் கண்டார்கள். நோய் முற்றியவர்களுக்கு வைத்தியர் அவசியம் வேண்டும். மற்றவர்களுக்கு முதல் உதவி கிராமத்திலேயே கிடைக்கச் செய்யலாம்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். குடியை மறக்கடிக்கும் மருந்தென்று, குடிப்பவருக்குத் தெரியாமல் காப்பியிலும் குழம்பிலும் கலந்து கொடுக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. டென்மார்க்கில் 1948-ல் குடி நோய்க்குப் பயன்படுமென்று வெளியிடப்பட்ட டைசல்பிரம் என்னும் மருந்து, மதுவுடன் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம், சித்தப்பிரமையையும் அதிகப்படுத்தலாம். நோயாளியின் சம்மதமும் வைத்தியரின் மேற்பார்வையும் இல்லாமல் அதைக் கொடுப்பது பெரும் பிழை.

மதுவை எதிர்த்துப் போராடும் தொண்டர்களுக்கு நமது வேண்டுகோள் இதுதான். கடைகளை மூடும்படி கேளுங்கள். அத்துடன், ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் குடி நோயையும் மன நோயையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு பகுதி வேண்டுமென்றும், எந்த வாசலுக்கு வந்தவரையும் அடுத்த வாசலுக்கு அனுப்பலாகாது என்றும் கேளுங்கள். மது விற்ற பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கும் பொறுப்பு சர்க்காருக்கு உண்டு. கொத்தனாரின் மனைவி இழந்த அந்த ஒரு நாள் கூலி வீணாகாதபடி செய்வது, மறியலைப் போலவே முக்கியமான தேசத் தொண்டாகும்.