உங்களுக்குத் தெரியுமா? பளபளக்காத சுவர் ரைல்ஸ்

சுவர் ரைல்ஸின் முகப்பில் சூளை வெப்பத்தில் உருகி உறையும் கண்ணாடிப் படையே மெருகு எனப்படும். அது வழுவழுப்பாக உறைந்தால் விளக்கொளியை ஒரே திசையில் தெறிக்கச் செய்து பளபளக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்பளிங்குகள் அதனுள் விளைந்தால் ஒளி பல திசைகளிலும் சிதறி மங்கிய தோற்றத்தைத் தரும்.

கல்சியம், மக்னீசியம், நாகம், பேரியம் முதலியவற்றின் ஒட்சைட்டுகள் மிகுந்த மெருகு ஆறும்போது இப்பளிங்குகள் உருவாகின்றன. சிலிக்காவுடன் ஒப்பிட அலுமினாவின் பங்கைக் கூட்டினாலும் மங்கல் கிட்டும் என்பதை அமெரிக்க மட்பாண்டவியலாளர் ஆர். டி. ஸ்டல் 1912இல் வரைபடமாகக் காட்டினார். போதிய வெப்பம் பெறாத மெருகும் மங்கலாகவே தெரியும். ஆயினும் அது முழுமையாக உருகாத மெருகாதலால் எளிதில் கறை பற்றும்.

இலங்கையின் மட்பாண்டத் தொழிலுக்குப் பொரலஸ்கமுவ, மீட்டியாகொட ஆகிய இடங்களின் கயோலின் என்னும் வெண்களியும், மாத்தளை மாவட்டத்தின் ஓவலயில் அகழப்படும் பெல்ட்ஸ்பாரும் உள்நாட்டு மூலப்பொருள்களாகும். மெருகில் முன்னையது அலுமினாவை வழங்க, பின்னையது உருகுதலை எளிதாக்குகிறது.

வவுனியா மாவட்டத்தில் பல கிணறுகளின் நீர் கடினத்தன்மை கூடியதாதலால், குளியலறைச் சுவரில் தெறித்த துளி காய்ந்ததும் வெண்ணிறத் தடம் படிகிறது. அதைப் போக்கத் தேசிக்காய்ச் சாற்றையோ அமிலக் கழுவியையோ இட்டுத் தேய்த்தால், கல்சியம் மிகுந்த மங்கல் மெருகு அரிக்கப்பட்டு நிறம் வெளிறக்கூடும். ஆகையால் ஈரம் உலருமுன் மென்துணியால் துடைத்துவிடுவதே தகுந்த பராமரிப்பாகும்.