முதலில் ஒரு சாக்குப்பை

விற்பனைக்கு வரும் பழைய ஃபிளாட்டுகளைப் படமெடுப்பது என் தொழில். சென்னையில் பெரும்பாலும் இரண்டு பெட்ரூம் வீடுகள். கேமராவை வெளியே எடுக்கும் முன் நான் கேட்பது ஒரு சாக்குப்பை. ஃப்ரிட்ஜ் ஸ்டிக்கர், பாத்ரூம் பக்கெட், பால்கனிக் கொடியில் காயும் துணி எல்லாம் மறைய வேண்டும். குடும்பப் படங்களையும் கழற்றச் சொல்வேன். முன்பின் தெரியாதவர்கள் பார்க்கப்போகும் படம். "சாமி படம் இருக்கட்டும் தம்பி" என்பார்கள். சரி, இருக்கட்டும்.

சிக்கல் ஜன்னலில்தான். அறைக்கு ஏற்ப ஒளியை வைத்தால் ஜன்னல் வெளுத்துவிடும். ஜன்னலுக்கு வைத்தால் அறை இருண்டுவிடும். அதனால் ட்ரைபாடை அசைக்காமல், வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று அல்லது ஐந்து படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக்குவேன். மின்விசிறியை நிறுத்த மறந்தால் இறக்கைகள் கலங்கிப் பலவாகத் தெரியும். கேமரா நெஞ்சுயரத்தில், மட்டமாக இருக்க வேண்டும். அண்ணாந்தால் சுவர்கள் சாயும். சமையலறையில் மட்டும் மேடை தெரியச் சற்று உயர்த்துவேன்.

24 மி.மீ. லென்ஸ் போதும் என்பது என் கட்சி. 16-ல் எடுத்தால் பத்தடி அறை கல்யாண மண்டபமாகிவிடும். நேரில் வருபவர் வாசலிலேயே முகம் சுளிப்பார். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரை அழித்துத் தரச் சொல்லும் தரகர்களும் உண்டு. மாட்டேன். கட்டுநர் தந்த பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்க, 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தில் 12-வது பிரிவு இருக்கிறது. பழைய ஃபிளாட் வாங்குபவருக்கு அவர் கண்தான் துணை. சுவரில் ஓதம் இருந்தால் அதுவும் படத்தில் வரும். வேண்டாமென்றால் முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள் என்பேன்.