கயிற்றோடு போன மணல்

நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலை உலகம் அறிந்த வரலாறு விசித்திரமானது. திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்த ஷாம்பர்க் என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர், அதில் தோரியம் அடங்கிய மோனசைட் என்னும் கனிமம் கலந்திருப்பதை 1909இல் கண்டு, அது புறப்பட்ட கரையைத் தேடிவந்து இவ்வூரிலேயே ஆலையும் அமைத்தார். கயிற்றுக்கு விலை பெற்றவர்கள், அதனோடு போன மணலில் காஸ் விளக்கின் மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் இருந்ததை அறியார்கள். இன்று கைப்பேசி வழியே நாம் அனுப்பும் படத்தோடும் சொல்லோடும், நாம் கருதாத ஒன்று அவ்வாறே ஒட்டிக்கொண்டு செல்கிறது. அது பெரும்பாலும் பிறருக்கு உரியது என்பதே நாம் போதிய அளவு சிந்திக்காத விஷயம்.

வளைகுடா நாட்டில் உழைக்கும் தந்தை கண்டு மகிழ்வதற்காக மகளின் பிறந்தநாள் படத்தைக் குடும்பக் குழுவில் இடும் தாயின் அன்பைக் குறைகூற எவராலும் இயலாது. அதே படம் முகநூலில் எல்லோரும் காணும்படி வெளியாகும்போதோ, குழந்தையின் பிறந்த தேதி, சீருடையிலுள்ள பள்ளியின் பெயர், வீட்டின் முகப்பு, தந்தை ஊரில் இல்லாமை ஆகிய யாவும் முன்பின் அறியாதவர் கைக்குப் போகின்றன.

ஒருவர் செயலால் பிறர் விவரமும் சேர்ந்து போவதற்கு, 2018இல் அம்பலமான, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம் பெரிய சாட்சியம். ஆளுமையைச் சோதிப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒரு செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேரே; ஆயினும், அதை நிறுவியவர்களுக்கு முகநூல் நண்பர்களாயிருந்த ஒரே காரணத்தால், மேலும் 5,62,120 இந்தியரின் விவரங்கள் கைமாறியிருக்கக்கூடும் என்று முகநூல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. கடன் செயலிகளின் கொடுமையும் இவ்வகையே. அவசரத்துக்குச் சில ஆயிரம் பெற்றவர் தம் கைப்பேசியிலுள்ள எண்களைத் திறந்துவிட, தவணை தவறியதும் உற்றார் உறவினர்க்கெல்லாம் அவதூறும் திரித்த படங்களும் போயின. கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்ததற்கு இத்தகைய அக்கிரமங்களும் ஒரு காரணம்.

நம் மாவட்டமே பட்ட துயரம் ஒன்றுண்டு. சமூக வலைத்தளங்களில் நட்புக்கொண்டு, பெண்களின் அந்தரங்கப் படங்களைக் காட்டி மிரட்டிய நாகர்கோவில் இளைஞன் ஒருவன் 2020 ஏப்ரலில் கைதாகி, 2023 ஜூனில் சாகும்வரை சிறைத்தண்டனை பெற்றான். அவனுக்கு அத்தனை காலம் துணைநின்றது, ஊர் என்ன சொல்லுமோ என்று அப்பெண்கள் கொண்ட பயமே. நம்பிக் கொடுத்தவளைப் பழித்து, நம்பிக்கையைக் கொன்றவனை மறந்துவிடும் சமூக வழக்கம் இருக்கும்வரை, இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு என்றே நான் எண்ணுகிறேன்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று, புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். பின்னர் வந்த 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நிறுவனங்கள் பொதுவாகச் சம்மதம் பெற்றே தரவைக் கையாள வேண்டும் என்றும், 18 வயது நிரம்பாதோர் விஷயத்தில் பெற்றோரின் சம்மதம் அவசியம் என்றும் கூறி, மீறுவோர்க்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் வகுத்திருக்கிறது. ஆனால் ஒருவர் தம் சொந்தக் காரியத்துக்கோ இல்லத்துக் காரியத்துக்கோ கையாளும் தரவுக்கும், தாமே பொதுவில் வெளியிட்ட தரவுக்கும் அச்சட்டம் செல்லாது. மண்டைக்காட்டு மாசிக் கொடை விழாவில் அண்டைவீட்டுப் பெண்ணையும் சேர்த்துப் படமெடுத்து வெளியிடுகிறவரை அது தட்டிக்கேட்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை; “போடட்டுமா அக்கா?” என்று கேட்க வேண்டியவர் அவரே. நம்மை நாமே காத்துக்கொள்ள, முகநூலில் பிறர் நம் பெயரைச் சேர்த்து இடும் பதிவை, நம் பக்கத்தில் தோன்றுமுன் பார்த்து அனுமதிக்கவும், வாட்ஸ்அப்பில் நம் ஸ்டேட்டஸை யார் காணலாம், நம்மைக் குழுவில் யார் சேர்க்கலாம் என்று வரையறுக்கவும் வசதிகள் உள்ளன. கைப்பேசியின் நுட்பம் அறியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் அவற்றை அமைத்துக் கொடுக்கலாம்.