பூட்டை உடைக்கும் முன் 10 நிமிடம் பொறுங்க: டபிள்யூடி-40 ஸ்ப்ரேயை வீட்டில் எங்கே அடிக்கலாம், எங்கே கூடாது?



மழைக்காலம் முடிந்ததும் உங்கள் வீட்டு கேட் பூட்டைத் திறந்து பாருங்கள். சாவி உள்ளே போகும், ஆனால் திரும்பாது. உடனே என்ன செய்வோம்? பலமா திருகுவோம், சாவி உடையும். அப்புறம் பூட்டை உடைக்க ஆள் கூலி, புதுப் பூட்டு, கூடுதல் சாவி என்று செலவு வரிசையா வரும். இத்தனைக்கும் பூட்டுக்குள்ளே இருந்தது கொஞ்சம் ஈரமும் துருவும்தான்!

இந்தச் செலவைத் தவிர்க்கத்தான், வீட்டில் ஒரு சின்ன டபிள்யூடி-40 டப்பா இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

இது உண்மையில் என்ன?

டபிள்யூடி என்றால் 'வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்', அதாவது ஈரத்தை விரட்டுவது. 40 என்பது 40-வது முயற்சியில் சரியாக வந்த கலவை என்பதைக் குறிக்கும். 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில், அட்லஸ் ஏவுகணையின் வெளிப்புறம் துருப்பிடிக்காமல் இருக்க உருவாக்கினார்கள். 1958-ல் கடைகளுக்கு வந்தது.

ஆக, இதன் முதல் வேலை ஈரத்தை விரட்டுவது, துருவை இளக்குவது. வழுக்க வைப்பது அதற்கு அப்புறம்தான். இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதிக் காசு மிச்சம்.

எங்கே அடிக்கலாம்?

* திரும்பாத பூட்டு: சாவித் துளைக்குள் ஒரு தடவை அடித்து, 10 நிமிடம் விட்டு மெதுவாகத் திருப்புங்கள்.
* துருப்பிடித்த நட்டு, போல்ட்: அடித்துவிட்டு ஊற விடுங்கள். வரவில்லை என்றால் இன்னொரு தடவை. அவசரப்பட்டு ஸ்பேனரைத் திருகினால் தலை மழுங்கிவிடும்.
* கிரீச்சிடும் கதவுக் கீல், தாழ்ப்பாள்: அடித்து, துணியால் துடைத்து, பிறகு ரெண்டு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். அதுதான் ரொம்ப நாள் நிற்கும்.
* கத்தரிக்கோல், தோட்டக் கருவிகள்: துடைத்து, லேசாக அடித்து வைத்தால் துரு அண்டாது.

எங்கே கூடவே கூடாது?

* வண்டி பிரேக்: டிஸ்க்கிலோ டிரம்மிலோ பட்டால் பிரேக் பிடிக்காது. இது காசு விஷயம் இல்லை, உயிர் விஷயம்.
* அடுப்பு, விளக்கு பக்கத்தில்: இது தீப்பற்றும். பூஜை அறைக் கதவு என்றால் விளக்கு அணைந்த பிறகு அடியுங்கள். டப்பாவை வெயிலில் வைக்காதீங்க.
* ஃபேன், தையல் மெஷின்: உள்ளே இருக்கும் கிரீஸையும் ஆயிலையும் இது கரைத்துவிடும். இன்று சத்தம் நிற்கும், கொஞ்ச நாளில் திரும்ப வரும்.
* குக்கர் கேஸ்கெட், மிக்ஸி ஜார்: சாப்பாடு படும் எதிலும் வேண்டாம்.
* ஹெல்மெட் கண்ணாடி: அந்த வகை பிளாஸ்டிக்குக்கு இது ஆகாது.

வாங்கும்போது…

பெரிய டப்பாவில் ஒரு மில்லிக்கு விலை குறைவாக வரலாம். ஆனால் ஒரு குடும்பத்துக்குச் சின்ன டப்பாவே ரொம்ப நாள் வரும். புதுப் பாத்திரத்தில் ஸ்டிக்கர் பசையை எடுக்கக்கூட இது தேவையில்லை, அடுப்படியில் இருக்கும் தேங்காய் எண்ணெயே போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டை ஒரு சுற்று சுற்றி வாங்க. எந்தப் பூட்டு இறுகுது, எந்தக் கீல் சத்தம் போடுது என்று பாருங்க. சாவி உடைவதற்கு முன்னாடி கவனிச்சா, செலவு ஒரு சின்ன டப்பாவோடு முடிஞ்சிடும்.