உணராத பல்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் சிதைவது பெரிதும் வலி தெரியாமல் நேரும் காயங்களால்தான் என்று காட்டினார். செயற்கைப் பல்லுக்கும் இச்சிக்கல் உண்டு, மாணவர்களே!

புற்றுநோயால் அகற்றிய தாடைக்குப் பதிலாகக் கணுக்காலுக்கு மேலுள்ள மெல்லிய எலும்பை வெட்டி வைத்து, டைட்டேனியத் திருகு ஊன்றிப் பல் பொருத்துவர். இயற்கைப் பல்லைச் சுற்றியுள்ள நார்த்திசு அழுத்தத்தை நுட்பமாக உணர்த்தும். திருகுக்கு அது கிடையாது.

மேலும், கால் எலும்பின் உயரம் தாடையில் ஏறத்தாழப் பாதியே. ஆகவே பல்லை நெட்டையாக்க வேண்டும். 100 நியூட்டன் பக்கவிசை எலும்புக்கு 10 மில்லிமீட்டர் மேலே பட்டால் திருப்புத்திறன் 1 நியூட்டன் மீட்டர். 20 மில்லிமீட்டர் எனில் 2. ஆழமற்ற குழியில் நட்ட கம்பத்தை உச்சியில் தள்ளிப் பாருங்கள், புரியும். இதனால்தான் சில மருத்துவர்கள், இரத்தக்குழாய் அறாமல் அவ்வெலும்பை இரண்டாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றனர்.