மலையேறும் ஜீப்புகள் – 11: அறுபது வரை யார் தாங்குவார்?

போன வாரம் கூலியைப் பற்றிப் பேசினோம். கூலி நின்ற பிறகு என்ன வழி என்பதுதான் இந்த வாரம்.

2020 மே மாதம் தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆனது. 2021 பிப்ரவரியில் அதை 60 ஆக்கி அறிவித்தார் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. போடி தாலுகா அலுவலகத்தில் இருப்பவருக்கு இது இரண்டு வருடக் கூடுதல் சம்பளம். பி.எஃப். ஓய்வூதியத்திலும் 58-ஐ 60 ஆக்கலாம் என்ற யோசனை 2019-ல் அடிபட்டது. மக்கள் முன்பைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள், அதனால் வயதை மெல்ல மெல்ல உயர்த்தலாம் என்பது வாதம். சுதந்திரம் வாங்கியபோது 32 வயதை ஒட்டியிருந்த சராசரி ஆயுள் இன்று 70-ஐத் தொட்டிருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சராசரிக்குள் ஏலக்காய் எடுக்கப் போடிமெட்டுக்கு ஜீப்பில் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஏலக்காய் எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். காய் செடியின் உச்சியில் தொங்குவதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு தரையாகப் படர்கிறது. காய் அதில்தான் பிடிக்கிறது. எடுக்கிற பெண் தூருக்குத் தூர் குந்த வேண்டும், அல்லது இடுப்பை மடித்துக் குனிய வேண்டும். விளைந்த காயை மட்டும் கிள்ள வேண்டும். பிஞ்சு போனாலும் பூ உதிர்ந்தாலும் அடுத்த எடுப்பில் காய் இல்லை. நிலமோ சரிவு. மழைக்காலத்தில் தலையில் பிளாஸ்டிக் தாள், காலில் அட்டை. ஒரு சுற்று முடிந்து நாற்பது, நாற்பத்தைந்து நாளில் அதே தூருக்குத் திரும்ப வேண்டும். இருபது வயதில் தொடங்கிய ஒருத்திக்கு ஐம்பதைத் தாண்டும்போது முதலில் போவது முட்டி. ஜீப்பில் ஏறவே இன்னொருவர் கை கொடுக்க வேண்டிய நிலை வந்ததும், "நாளைக்கு வர வேண்டாம்" என்ற சொல் வந்துவிடும். அதுதான் அவளுடைய ஓய்வு வயது. அது எந்த அரசாணையிலும் இல்லை.

பி.எஃப். அவளை எட்டுவதில்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான் அந்தச் சட்டம். ஏலத்தோட்டங்களில் பெரும்பாலானவை சின்னச் சின்ன உடைமைகள். இன்று ஒரு தோட்டம், நாளை இன்னொன்று என்று கூட்டிப்போகும் வேலையில் பத்து வருடப் பணிக் கணக்கு எங்கிருந்து வரும்? பத்து வருடம் இருந்தால்தானே ஓய்வூதியமே. மிஞ்சுவது ஓ.ஏ.பி. பணம். 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தமிழகம் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டிலிருந்து 1,200. மத்திய அரசின் திட்டத்தில் 65 ஆக இருந்த தகுதி வயதை 2011-ல் 60 ஆகக் குறைத்தார்கள். வயதைக் கீழே இறக்கவும் அரசால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த 60-ஐயும் காகிதத்தில் காட்ட வேண்டும். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 போட்டு, குத்துமதிப்பாக ஒரு வருடத்தை எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் நாலு வயது குறைத்திருந்தால், அவள் நாலு வருடம் கூடுதலாகக் காத்திருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை தகுதி வயது ஏற்கெனவே 64 ஆகிவிட்டது, எந்த விவாதமும் இல்லாமல்.

மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் நலப் பென்ஷன் 2025 நவம்பரிலிருந்து 2,000 ரூபாய். அது அங்கே குடியிருப்பவர்களுக்கு. உழைப்பு இடுக்கியில், ரேஷன் கார்டு போடியில் என்று வாழ்ந்தவளுக்கு இல்லை. அவள் எடுத்த காய்க்கு மட்டும் எல்லை கிடையாது. போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஸ்பைசஸ் போர்டு மின்-ஏலத்தில் ஒவ்வொரு குவியலுக்கும் எண் உண்டு, எடை உண்டு, விலை பதிவாகிறது.

வழி இல்லாமல் இல்லை. ஆஸ்திரியாவில் கடும் உழைப்பாளிகளுக்கென்று 2007 முதல் தனி ஓய்வூதியம் இருக்கிறது. எது கடும் உழைப்பு என்பதையும் வரையறுத்திருக்கிறார்கள்: எட்டு மணி நேர வேலையில் ஆண் 2,000 கலோரி, பெண் 1,400 கலோரி செலவழித்தால் அது கடும் உழைப்பு. ஓய்வுக்கு முந்தைய இருபது வருடத்தில் பத்து வருடம் அப்படி உழைத்திருந்தால், மற்ற நிபந்தனைகளும் பொருந்தும்போது, 60 வயதிலேயே போகலாம். குந்திக் குந்திச் சரிவேறும் வேலையை அந்தத் தராசில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறேன். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு 50 வயதிலேயே உதவித்தொகை தருவது நம் தமிழ்நாடுதான். ஒரு பெண்ணின் தனிமையைக் கணக்கில் எடுத்த அரசு, தேய்ந்துபோன முட்டியையும் எடுக்கலாம். மலைத்தோட்ட வேலையில் இருபது வருடம் கழித்தவருக்கு 55-ல் ஓ.ஏ.பி. என்பது என் கோரிக்கை.

இருபது வருடத்தை எப்படி நிரூபிப்பது என்று அதிகாரிகள் கேட்பார்கள். கேட்கட்டும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மலையேறும் பாதைகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். விடிகாலையில் அங்கே மேசை போட்டு, இரண்டு மாநிலத் தொழிலாளர் துறையும் சேர்ந்து, ஜீப்பில் இருப்பவர்களின் பெயரை அன்றன்றைக்குப் பதிந்தால் போதும். இதுவரை போன வருடங்களுக்கு, உடன் வேலை பார்த்த இரண்டு பேரின் சாட்சியை ஏற்க வேண்டும்.

(தொடரும்)